மதகு உடைஞ்சதைச் சொல்ல ஒரு அப் வேணுமோ?

பாலைநிழல் | திங்கள், இரவு 8.40

வணக்கம். கொஞ்சம் நீளமாத்தான் எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

வன்னியில எங்கட ஊருக்குள்ள போற கிரவல் றோட்டில, பள்ளிக்கூடத்துக்கு அரைக் கட்டை முந்தி ஒரு மதகு இருக்கு. போன மாரியில அதின்ர ஒரு பக்கம் இறங்கிப்போச்சு. ரெண்டு குழாயில ஒண்டு இப்ப வெளியில தெரியுது. லாண்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெஷின்) பெட்டியோட போனால் ஆக்கள் இறங்கித் தள்ளவேணும். காலமையில பிள்ளையள் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் தாண்டுதுகள்.

மாசி மாதம் படம் எடுத்துப் பேஸ்புக்கில போட்டன். இருநூறு பேருக்கு மேல லைக். "வெட்கம்", "வாக்குக் கேட்டு வந்தவை எங்க" எண்டு வரிசையா கொமென்ற். ஒருத்தர் கவிதையே எழுதிவிட்டிருந்தார். இப்ப புரட்டாதி. மதகும் அப்பிடியே கிடக்குது, கவிதையும் அப்பிடியே கிடக்குது.

அந்த நேரம் கேக்கிறதுக்குப் பிரதேச சபையும் இல்லை எண்டது உண்மைதான். 2023 மார்ச் 19-ஓட சபையளின்ர காலம் முடிஞ்சுது. பிறகு 2025 மே 6 தேர்தல் மட்டும் செயலாளர்மாரும் அதிகாரிகளும்தான் நடத்தினவை. இப்ப தெரிவான ஆக்கள் வந்திட்டினம். அதாலதான் இந்த யோசினை.

ஒரு அப் செய்யலாம் எண்டு நினைக்கிறன். படம், இடம், ரெண்டு வரி. அதுக்கு ஒரு நம்பர் விழும். "கிடைச்சுது, பாத்தாச்சு, முடிஞ்சுது" எண்டு நிலை காட்டும். இங்கிலாந்தில 2007-லயே "பிக்ஸ் மை ஸ்ட்ரீட்" எண்டு இப்பிடி ஒண்டு துவங்கினவை. முறைப்பாடு உரிய சபைக்குப் போகும், எல்லாற்ற கண்ணுக்கும் தெரியிற மாதிரி வெளியிலயும் கிடக்கும். எனக்கு நிரலாக்கம் கொஞ்சம் தெரியும். நான் கேக்கிறது ஒண்டுதான்: செய்தால் எங்கட சனம் பாவிக்குமோ?


சின்னக்குட்டி | திங்கள், இரவு 8.52

அப் செய்ய முந்தி சிக்னல் செய்யுங்கோ. நான் இதை அனுப்பக் கிணத்துக் கட்டில ஏறி நிக்கிறன்.


குளக்கட்டு | திங்கள், இரவு 9.30

தம்பி, நான் அறுபது தாண்டின ஆள். கமக்காரர் அமைப்பில கனகாலம் நிண்டிருக்கிறன். அப் பற்றி எனக்குத் தெரியாது. சனம் வந்து கதைக்குமோ எண்டு கேட்டீங்களே, அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லலாம்.

சிறுபோகப் பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு ஒருக்கா வந்து பாருங்கோ. ஜிஏ, அதுதான் அரசாங்க அதிபர், தலைமை. இரணைமடுக் குளத்தில இத்தனை அடி தண்ணி நிக்குது எண்டு நீர்ப்பாசனப் பொறியியலாளர் எழும்பிச் சொல்லுவார். அந்தத் தண்ணிக்கு இவ்வளவு ஏக்கர்தான் விதைக்கலாம். அந்த எண்ணிக்கை வாயால வந்த உடன சண்டை துவங்கும். மேல்வாய்க்கால்காரனுக்கு ஒரு நியாயம், வாய்க்கால் கடைசியில காணி வைச்சிருக்கிறவனுக்கு இன்னொரு நியாயம். எண்டாலும் பின்னேரத்துக்குள்ள எழுதி முடிச்சிடுவினம்: எந்தத் திகதி தண்ணி திறக்கிறது, எந்தத் திகதிக்குள்ள விதைச்சு முடிக்கிறது, எப்ப துவக்கம் மாடு கட்டிவைக்கிறது. அது வெறும் கதையில்லை. நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ வாற தீர்மானம், மீறினால் வழக்குக்கும் போகலாம்.

சனம் ஏன் அந்தக் கூட்டத்துக்கு வேலை வெட்டியை விட்டிட்டு வருது? அங்க சொன்னது அண்டைக்கே தீர்மானமா எழுதுப்படும் எண்டு தெரியும். வராட்டில் தன்ர வயலுக்குத் தண்ணி வராது எண்டும் தெரியும்.

குறையும் சொல்லவேணும். சத்தம் போட்டுக் கதைக்கிற ஆள் எட்டோ பத்துப் பேர்தான். காணி உறுதியில பேர் இருக்கிற பொம்பிளையள் பின் கதிரையில இருந்திட்டு, கதைக்காமலே போவினம். உங்கட அப் அவையின்ர கதையைக் கொண்டருமெண்டால் நான் வேண்டாமெண்டு சொல்லன்.

2018 மார்கழி வெள்ளத்தையும் சொல்லிப்போட்டு விடுறன். கிளிநொச்சியும் முல்லைத்தீவும் ஒரே இரவில தண்ணிக்குள்ள. என்ர கையில போன் இருந்தது, வட்ஸ்அப்பும் இருந்தது. ஒருத்தர் குளம் உடைச்சிட்டுது எண்டு வொயிஸ் போட்டார். இன்னொருத்தர் அது பொய், ஒருதரும் ஓடவேண்டாம் எண்டார். ரெண்டு பேரும் ஆரெண்டு எனக்குத் தெரியாது. நான் மாட்டை அவிட்டுவிட்டன். ஆரும் சொல்லிச் செய்யேல்லை, முற்றத்தில தண்ணி ஏறினதைப் பாத்துத்தான்.


ஸ்காபரோத் தம்பி | செவ்வாய், காலை 6.15

பாலைநிழல், நல்ல யோசினை. ஆனால் முறைப்பாடு எண்டதோட நிக்காதேங்கோ. தீர்மானம் எடுக்கிறதிலயும் சனத்தைச் சேர்க்கலாம்.

தாய்வானில 2014 சூரியகாந்தி மாணவர் போராட்டத்துக்குப் பிறகு "விதாய்வான்" எண்டு ஒண்டு துவங்கினவை. 2015-ல ஊபர் வந்து டாக்சிக்காரரோட பிரச்சினைப்பட்ட நேரம், ரெண்டு பக்கத்தையும் "போலிஸ்" எண்ட மென்பொருளில கதைக்க விட்டவை (பொலிஸ் இல்லை, பயப்படாதேங்கோ). நீங்கள் ஒரு வசனம் எழுதலாம். மற்றவை அதுக்கு ஓம், இல்லை, பிறகு பாப்பம் எண்டு ஒண்டை அமத்தலாம். பதில் எழுத இடமே வைக்கேல்லை. அதால ஏச்சுப்பேச்சு இல்லை. ஒரே மாதிரி வாக்களிக்கிற ஆக்களை அது கூட்டம் கூட்டமாப் பிரிச்சுக் காட்டும். எல்லாக் கூட்டமும் ஓமெண்ட வசனம் எது எண்டும் காட்டும். அப்பிடி வந்ததுகளை வைச்சுத்தான் அரசாங்கம் விதி எழுதினது.

பார்சலோனாவில 2016-ல "டெசிடிம்" வந்தது. கற்றலன் மொழியில "நாங்கள் முடிவெடுக்கிறம்" எண்டு அர்த்தம். இலவச மென்பொருள், எந்தச் சபையும் எடுத்துப் பாவிக்கலாம். தமிழ்ப்படுத்தவேணுமெண்டால் நானும் ரெண்டு நண்பர்மாரும் ஒரு மாதத்தில முடிச்சுத் தருவம். சேர்வர் காசும் எங்கட பொறுப்பு.


வெள்ளாப்பு | செவ்வாய், பகல் 1.05

நான் ஒரு மாதர் சங்கத்தில செயலாளர். தையல் மெஷினுக்குப் பக்கத்தில போனை வைச்சுத்தான் எழுதுறன், எழுத்துப்பிழை இருந்தால் மன்னிக்கவும்.

எங்கட சங்கத்தில அரைவாசிப் பேர் தனிச்சுக் குடும்பம் நடத்திற பொம்பிளையள். போன் இருக்கு. ஆனால் நல்ல போன் மகனிட்ட இருக்கும், தாயிட்ட இருக்கிறது வெடிச்ச கண்ணாடி. டேட்டா போடுறது கிழமையில ரெண்டு நாள். தமிழில ரைப் பண்ணச் சொன்னால் அரை மணித்தியாலம். வொயிஸ் போடச் சொல்லுங்கோ, மூண்டு நிமிஷத்தில முழுக் கதையும் வந்திடும். நடுவில கோழி கூவும், பேரப்பிள்ளை அழும், அதெல்லாம் சேர்த்துத்தான்.

ஒன்லைன் எண்டால் என்னெண்டு எங்களுக்கு 2023-ல அரசாங்கத்தின்ர அஸ்வெசும உதவிக்காசுத் திட்டம் வந்தபோது விளங்கினது. பட்டியல் இணையத்தில. முறையீடு இணையத்தில. அடுத்த வீட்டுக்காரிக்குத் தகுதி இல்லையெண்டால் ஆட்சேபனை போடலாம், அதுவும் இணையத்தில. நாடு முழுக்க லட்சக்கணக்கில முறையீடு போச்சு. கேட்டால் இதுகும் சனத்தின்ர பங்குபற்றல்தானே? எங்கட ஊரில நடந்ததைச் சொல்லுறன். சந்தியில கொமியூனிகேஷன் கடை வைச்சிருக்கிற தம்பியிட்ட வரிசையில நிண்டு, காசு குடுத்து, அவர் கேக்கிறதுக்குத் தலையாட்டிப்போட்டு வந்தம். என்ன நிரப்பினவர் எண்டு எங்களுக்குத் தெரியாது. ஒரு அம்மாவின்ர ஓலைக் கொட்டிலைக் கல்வீடெண்டு போட்டுவிட்டார். அவரும் வேணுமெண்டு செய்யேல்லை, பின்னால அறுபது பேர் நிண்டவை. ஆட்சேபனை ஆர் போட்டதெண்டு தெரியாமல் ரெண்டு வீட்டுக்காரர் இண்டைக்கும் கதைக்கிறேல்லை.

அதாலதான் அப் எண்டவுடன எனக்கு வயித்தைப் பிசையுது. வேண்டாமெண்டு சொல்லேல்லை. நிரப்பிற ஆளும் நிரப்புவிக்கிற ஆளும் ஒண்டா இருந்து, எழுதினதைத் திருப்பி வாசிச்சுக் காட்டினால் எனக்குச் சம்மதம்.


சின்னக்குட்டி | செவ்வாய், பகல் 1.20

கோழி கூவினதையும் "கிடைச்சுது, பாத்தாச்சு" எண்டு போடுவினமோ?


ஒற்றைப்பனை | செவ்வாய், இரவு 10.10

எல்லாரும் கருவியைப் பற்றிக் கதைக்கிறீங்கள். நான் ரெண்டு விசயம் கேக்கிறன்.

முதலாவது, சனம் சொல்லாமல் விட்டதோ? 2016-ல நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிய கலந்தாலோசனைச் செயலணி நாடு முழுக்கப் போய்க் கேட்டது. வந்த சமர்ப்பிப்பு 7,306. அதில எழுத்தில வந்தது 1,386 மட்டும்தான், மிச்சமெல்லாம் கூட்டங்களிலயும் குழுக் கலந்துரையாடலிலயும் சனம் வந்திருந்து வாயால சொன்னது. எங்கட தாய்மாரும் போய்ச் சொன்னவை, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர படத்தை மடியில வைச்சுக்கொண்டு. 2017 தையில அறிக்கை குடுத்தாச்சு. அடுத்த மாதம், மாசி 20, கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில தாய்மார் கொட்டகை போட்டு இருந்தவை. நம்பர் போட்டுப் பதிஞ்ச முறைப்பாடுகளை எத்தினை ஆணைக்குழுவுக்கு எத்தினை தரம் குடுத்தவை எண்டு அவையிட்டக் கேளுங்கோ. உங்கட "கிடைச்சுது, பாத்தாச்சு" எங்களுக்குப் புதிசில்லை.

கடற்படை பிடிச்சு வைச்சிருந்த தங்கட தீவுக்குத் திரும்பவேணுமெண்டு இரணைதீவுச் சனம் 2017 மே 1 துவக்கம் போராட்டம் இருந்து பாத்திட்டு, 2018 சித்திரை 23-ம் திகதி படகில ஏறித் தாங்களே போய் இறங்கினதுகள். அதுக்கு எந்த அப்பும் தேவைப்படேல்லை.

ரெண்டாவது, பேர். மதகுக்குப் பேர் போட்டு எழுதலாம். களவா மணல் ஏத்திற ரிப்பர் லொறியைப் படம் எடுத்துப் போடுவீங்களோ? காட்டில மரம் தறிக்கிறதைப் போடுவீங்களோ? இடத்தோட, நேரத்தோட, உங்கட போன் நம்பரோட? 2024-ல நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்திட்டுது. எது பொய்க்கூற்று எண்டு முடிவெடுக்க ஒரு ஆணைக்குழு. வன்னியில ஒரு கூட்டம் வைச்சாலே "ஆர் வந்தவை" எண்டு விசாரிக்க ஆள் வந்த காலத்தைப் பாத்தனாங்கள். அந்தப் பயத்தை அப்பில எந்தப் பட்டனை அமத்தி நிப்பாட்டுறது?


ஸ்காபரோத் தம்பி | புதன், காலை 5.50

ஒற்றைப்பனை அண்ணை, பேரில்லாமல் போடுற வசதி வைக்கலாம். அது பெரிய வேலையில்லை.

மதகு விசயத்தில ஒண்டு சொல்லுறன். எங்கட ஊர்ச் சங்கம் இஞ்ச கனடாவில இருக்கு. ஒரு மதகுக்கு எவ்வளவு முடியும்? சபையைக் கெஞ்சிக்கொண்டு நிக்காமல் நாங்களே கட்டித் தாறம். அப்பில படம் போடுங்கோ, எந்த மதகுக்கு முதல் காசு எண்டு ஊர்ச்சனமே வாக்குப் போடட்டும்.


குளக்கட்டு | புதன், காலை 8.20

தம்பி, உங்கட மனசு விளங்குது. கோபிக்காதேங்கோ. ஆனால் காசை அனுப்பி மதகைக் கட்டினால், அடுத்த மதகுக்கும் சனம் ஸ்காபரோவைத்தான் பாக்கும். சபைக்காரருக்கும் அது வசதி. "வெளிநாட்டு ஆக்கள் செய்வினம்" எண்டு கூட்டத்திலயே சொல்லக் கேட்டிருக்கிறன். சபைக்குச் சோலைவரி நாங்கள் கட்டுறம். வாக்கு நாங்கள் போடுறம். மதகை உங்களிட்டக் கேட்டால் பிறகு வாக்கு எதுக்கு?

கோயிலுக்குத் தாங்கோ. பள்ளிக்கூடத்துக்குத் தாங்கோ. றோட்டை மட்டும் விடுங்கோ, அதில எங்களுக்கு ஒரு வழக்கு இருக்கு.


ஸ்காபரோத் தம்பி | புதன், காலை 8.41

ஐயா, மாரி வருது. வழக்கு முடியிற மட்டும் பிள்ளையள் சைக்கிளை உருட்டுறதோ?


குளக்கட்டு | புதன், காலை 8.50

அதுக்கு என்னட்ட மறுமொழி இல்லை.


கோப்பு | புதன், இரவு 9.15

நான் ஒரு உள்ளூராட்சி அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எந்த அலுவலகம் என்று கேட்க வேண்டாம். மேசைக்கு இந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதை எழுதினால் உதவும் என்று நினைக்கிறேன்.

பேஸ்புக்கில் போட்ட படம் எங்களுக்குத் தெரியும். நாங்களும்தான் ஸ்க்ரோல் பண்ணுகிறோம். ஆனால் அது கோப்பில் இல்லை. கோப்பில் இல்லாதது அலுவலகத்துக்கு நடக்காதது. ஒரு கடிதம் வந்தால் தபால் பதிவேட்டில் இலக்கம் விழும், அந்த இலக்கம் ஒருவருடைய தலையில் ஏறும். வருட இறுதியில் கணக்காய்வு வந்தால் அவர் பதில் சொல்ல வேண்டும். லைக்குக்குப் பதிவேடு இல்லை.

இரண்டாவது, அந்த மதகு யாருடையது? ஏ, பி தர வீதி என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை. சி, டி தரம் என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம். உள்வீதி என்றால் பிரதேச சபை. வாய்க்காலுக்கு மேல் இருந்தால் நீர்ப்பாசனத் திணைக்களமோ கமநல சேவை நிலையமோ உரிமை சொல்லும், அல்லது உரிமை இல்லை என்று சொல்லும். எங்களிடம் வருகிற முறைப்பாடுகளில் நிறையப் பகுதி எங்களுக்குரியதே இல்லை. "உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது" என்று எழுதி அனுப்புவோம், அது அங்கே போய்ச் சேர்ந்ததா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பாலைநிழல் தம்பி அப் செய்வதற்கு முதல் ஒரு வரைபடம் செய்தால் நான் கும்பிடுவேன்: எந்தத் துண்டு வீதி யாருடையது என்று நிறம் தீட்டிய ஒன்று. அலுவலகங்களுக்குள்ளேயே அதில் சண்டை இருக்கிறது.

மூன்றாவது, உங்கள் கையில் ஏற்கெனவே ஒரு கருவி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில். கேட்டால் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் கேட்க முடியாது. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அலுவலரே எழுதிக்கொள்ள வேண்டும். வெள்ளாப்பு அக்கா இதைக் கவனிக்கவும். பதில் வராவிட்டால் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. அப் எதுவும் எங்களைப் பதில் சொல்ல வைக்காது, இந்தச் சட்டம் வைக்கும். ஒன்பதாம் பிரிவையும் பாருங்கள்: 5 லட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டம் என்றால், தொடங்க மூன்று மாதத்துக்கு முன்னமே அதன் விபரத்தை மக்களுக்குச் சொல்வது பொறுப்பான அமைச்சரின் கடமை. எங்கள் பக்கத்தில் அப்படி முன்கூட்டியே யாரும் வந்து சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. யாரும் வந்து கேட்டதாகவும் ஞாபகம் இல்லை.

ஒற்றைப்பனை அண்ணை பேரைப் பற்றிச் சொன்னது நியாயம். அந்தச் சட்டத்திலேயே அதற்கு ஒரு சின்னக் கதவு உண்டு. "பிரசை" என்பதற்குள் சங்கமும் அடங்கும், உறுப்பினரில் நாலில் மூன்று பங்கு இலங்கைப் பிரசைகளாக இருந்தால் போதும். மாதர் சங்கம், கிராம அபிவிருத்திச் சங்கம், கமக்காரர் அமைப்பு என்று சங்கத்தின் கடிதத் தலைப்பிலேயே கேட்கலாம். நாற்பது பேர் சேர்ந்து கேட்டால் ஒரு வீட்டு வாசலில் வந்து நிற்பது கடினம்.

கடைசியாகச் சின்ன விசயம், ஆனால் தினமும் உயிரை வாங்குவது. எங்கள் கணினிகளில் அரைவாசி இன்னும் பாமினி என்கிற பழைய எழுத்துரு. அதில் அடித்த தீர்மானத்தை இணையத்தில் ஒட்டினால் தமிழ் போய் ஆங்கில எழுத்தும் காற்புள்ளியும் கலந்த குப்பையாக வரும். அதனால் பிறின்ற் எடுத்து, ஸ்கேன் பண்ணி, படமாக ஏற்றுகிறோம். படத்துக்குள் உங்கள் ஊர்ப் பெயரைத் தேட முடியாது. ஸ்காபரோத் தம்பி சேர்வர் தருவதற்குப் பதிலாக ஒரு கிழமை வந்திருந்து எங்கள் பிள்ளைகளுக்கு யூனிகோட்டில் தட்டச்சுப் பழக்கினால் அதுவே பெரிய தொண்டு.


மட்டுறுத்துநர் | வியாழன், காலை 7.00

ஒரு பதிவில் அதிகாரி ஒருவரின் பெயரும் கைபேசி இலக்கமும் இருந்தது, நீக்கியிருக்கிறேன். ஆளை விட்டு விசயத்தைப் பேசுங்கள்.


வெள்ளாப்பு | வியாழன், பகல் 2.30

கோப்பு, சங்கத்தின்ர பேரில கேக்கலாம் எண்டது எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது. எங்களிட்டச் சங்கத்து முத்திரை இருக்கு. கடன் புத்தகத்தில குத்திறதுக்குத்தான் இதுவரை எடுத்தது.

ஒற்றைப்பனைத் தம்பிக்கு ஒண்டு. நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் போன் ஒண்டுக்கும் உதவாது எண்டும் சொல்லேலாது. 2025 மார்ச் 28 வர்த்தமானி ஞாபகமோ? வடக்கில நாலு மாவட்டத்தில 5,940 ஏக்கர், மூண்டு மாதத்துக்குள்ள உரிமை காட்டாட்டில் அரசகாணி. முல்லைத்தீவில மட்டும் 1,700 ஏக்கருக்கு மேல. ஜிஎஸ், அதுதான் கிராம சேவகர், சொல்லி நான் அறியேல்லை. வட்ஸ்அப்பில ஆரோ பிடிஎப் போட்டுத்தான் தெரியும். எங்கட ஊர்ப் பேரைத் தேடித் தேடி எல்லாற்ற கண்ணும் நொந்துபோச்சு. காணிக்காரர் அரைவாசி கனடா, பிரான்ஸ், தமிழ்நாடு. உறுதி மூண்டாம் இடப்பெயர்விலயே துலைஞ்சது. அண்டைக்கு அந்தக் குரூப் இல்லாட்டில் ஒரு காணிக்காரனுக்கும் சேதி போயிருக்காது. பிறகு எதிர்ப்பு வந்து, வழக்குப் போய், வர்த்தமானியை மீளப்பெற்றவை.

காலமை அந்தக் குரூப்பைத் திறந்தால் முதல் நாற்பது "இனிய காலை வணக்கம்" ரோசாப்பூதான். அதுக்குள்ள இருந்துதான் அந்தப் பிடிஎப்பும் வந்தது.


ஒற்றைப்பனை | வியாழன், இரவு 9.40

அக்கா சொன்னது சரி. காணி விசயத்தில வெளியில இருக்கிற ஆக்களைக் கூப்பிட வேற வழியில்லை. ஆனால் அதில வெண்டது பிடிஎப் இல்லை. பிடிஎப்பைப் பாத்திட்டு எழும்பி வந்த ஆக்களும், நீதிமன்றத்துக்குப் போன வழக்கும்.

சங்கத்தின்ர பேரில கேக்கிறது நல்ல வழி. மணலுக்கும் அது காணுமோ எண்டு யோசிக்கிறன். அனுமதிப் பத்திரம் எத்தினை, எவ்வளவு கன அளவு, எந்த இடம் எண்டு கேட்டால் அது குற்றச்சாட்டில்லையே. வெறும் கேள்விதானே. பாப்பம்.


ஸ்காபரோத் தம்பி | வெள்ளி, காலை 6.05

சரி, சேர்வரை விடுறன். நேற்று இரவு டெசிடிம் பற்றித் திரும்ப வாசிச்சன். பார்சலோனாவிலயும் நகரத் திட்டத்துக்கு நானூறுக்கு மேற்பட்ட நேரடிக் கூட்டம் வைச்சு, அங்க சொன்னதையும் கொண்டுவந்து ஏத்தித்தான் நடத்தியிருக்கினம். நான் அந்தப் பகுதியை முந்தி வாசிக்காமல் விட்டிட்டன். யூனிகோட் வகுப்பு எண்டால் மார்கழியில வாறன். உண்மையா வருவன்.


பாலைநிழல் | நாலு கிழமைக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 7.30

இவ்வளவு நாளும் எழுதாததுக்கு மன்னிக்கவும். அப் செய்யேல்லை. வேற ஒண்டு செய்தம்.

வெள்ளாப்பு அக்கா எங்களுக்கு ரெண்டு ஊர் தள்ளித்தான் இருக்கிறா எண்டு பிறகுதான் தெரியும். ஒரு வட்ஸ்அப் நம்பர், சங்கத்தின்ர பேரில. வொயிஸ் மட்டும் போடலாம். ரோசாப்பூப் போட்டால் எடுத்துவிடுவம் (ரெண்டு பேரை எடுத்தாச்சு, ஒராள் என்ர சித்தப்பா). நானும் ஓஎல் எழுதிப்போட்டு நிக்கிற ரெண்டு பிள்ளையளும் செவ்வாய், வெள்ளி பின்னேரம் சங்கக் கட்டடத்தில இருந்து கேட்டு எழுதுறம். அட்டைப்புத்தகத்தில நம்பர், திகதி, இடம், சொன்ன ஆள், என்ன விசயம். எழுதினதைத் திருப்பி அவைக்கே வாசிச்சு வொயிஸ் போடுவம். ஓமெண்டு வந்தால்தான் கடிதம். நாங்கள் எழுதினதை முதல்நாளே ஒரு அம்மா மூண்டிடத்தில திருத்தினவ. "விளக்கு எரியேல்லை எண்டு நான் சொல்லேல்லை மோனை, கம்பத்தில விளக்கே இல்லை எண்டுதான் சொன்னனான்."

இதுவரை 31 பதிவு. அரைவாசி தெருவிளக்கும் தண்ணியும். ஆறு பேர் யானைவேலிக்குக் கரண்ட் வாறேல்லை எண்டு. ஒருத்தர் தன்ர மருமகனைப் பற்றி, அதை எழுதேல்லை.

மதகு 14-ம் நம்பர். கோப்பு சொன்ன மாதிரி, "கட்டித் தாங்கோ" எண்டு கேக்காமல் "இந்த மதகு எந்த அலுவலகத்துக்கு உரியது, கடைசியாகத் திருத்தினது எப்ப, இந்த வருஷப் பாதீட்டில இதுக்கு ஒதுக்கீடு உண்டோ" எண்டு சங்கத்தின்ர முத்திரையோட ரெண்டு அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில போட்டம். ஒரு இடத்திலிருந்து பன்னிரண்டாம் நாள் மறுமொழி. தங்கட இல்லையாம். மற்ற இடம் இன்னும் எழுதேல்லை, நாள் முடிய நாலு நாள் இருக்கு. "தங்கட இல்லை" எண்டு கையெழுத்தோட ஒரு துண்டு கிடைச்சதே எனக்குப் பெரிய விசயமா இருந்தது. மாசி மாதத்துக் கொமென்ற் ஒண்டிலயும் கையெழுத்து இல்லை.

வரைபடமும் துவங்கியாச்சு. இதுவரைக்கும் நாலு றோட்டுக்கு நிறம் தீட்டியிருக்கிறன். அதில மூண்டு றோட்டுக்கு ரெண்டு ரெண்டு நிறம் வருது.


சின்னக்குட்டி | ஞாயிறு, இரவு 7.44

என்ர வீட்டுக் கிணத்துக் கட்டை எந்த அலுவலகம்?


குளக்கட்டு | ஞாயிறு, இரவு 8.10

நல்ல வேலை தம்பி. மழை எப்பிடி உங்க?


பாலைநிழல் | ஞாயிறு, இரவு 8.15

நேற்றே துவங்கீட்டுது ஐயா. இண்டைக்குக் காலமை பெடியளோட போய் உரப்பையில மண் நிரப்பி மதகின்ர இறங்கின பக்கத்தில அடுக்கினம். பிள்ளையளுக்கு நாளைக்குப் பள்ளிக்கூடம் எல்லோ.


குளக்கட்டு | ஞாயிறு, இரவு 8.19

அடுக்க முந்திப் படம் எடுத்தனீங்களோ? இல்லாட்டில் "திருத்தப்பட்டுள்ளது" எண்டு எழுதி அனுப்பிப்போடுவாங்கள்.


வெள்ளாப்பு | ஞாயிறு, இரவு 8.26

எடுத்தது. நான்தான் பிடிச்சு நிப்பாட்டி எடுப்பிச்சனான். 14-ம் நம்பருக்குக் கீழ "மண்மூட்டை, தற்காலிகம், ஊரவர் செய்தது" எண்டு எழுதியும் வைச்சாச்சு. வியாழனோட மற்ற அலுவலகத்துக்கு நாள் முடியுது. மேன்முறையீட்டுக் கடிதத்தை யூனிகோட்டில அடிச்ச ஒரு பிரதி ஆரிட்டையாவது இருந்தால் இஞ்ச ஒட்டிவிடுங்கோ.


கோப்பு | ஞாயிறு, இரவு 11.02

நாளை காலை ஒட்டுகிறேன். என்னிடம் இருப்பது பாமினியில், இரவிருந்து திரும்ப அடிக்க வேண்டும்.